மூலை வெட்டிய வீடுகள்: கோபன்ஹேகனின் பழைய நகரத்தில் வழிகாட்டி இல்லாத ஒரு நடை

கோபன்ஹேகனின் நகர மன்றச் சதுக்கத்தில் காலை வேளைகளில் வண்ணக் குடையை உயர்த்திப் பிடித்த வழிகாட்டியையும் அவரைச் சூழ்ந்து நிற்கும் பயணிகளையும் பார்க்கலாம். அந்த நடைகளைக் குறைகூற ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்தில் அரசர்கள், தேவதைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன், அவருடைய கடற்கன்னி எல்லாவற்றையும் சொல்லிமுடித்து, கடைசியில் விரும்பியதைக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த நகரத்தில் தனியாக நடப்பதையே நான் விரும்புகிறேன். இங்கே கவனிக்க வேண்டியவற்றில் பாதி, கட்டடங்களின் மூலையிலும், தரையில் பதித்த கல்லிலும், சுவரின் அடிப்பகுதியிலும் இருக்கின்றன. கூட்டத்தோடு போகிறவர்களுக்கு அவற்றின் முன்னால் நிற்க நேரம் கிடைப்பதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘பழைய நகரம்’ என்ற பெயரை நம்பி வருகிறவர் சற்று ஏமாறுவார். பேராயர் அப்சலோன் இங்கே கோட்டை எழுப்பியது 1167இல் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் இன்று தெருவில் நின்று பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை முந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டவை. 1728இல் ஒரு பெருந்தீ, 1795இல் இன்னொன்று, 1807இல் ஆங்கிலேயக் கடற்படையும் தரைப்படையும் நடத்திய குண்டுவீச்சு என்று எண்பது ஆண்டுகளுக்குள் மூன்று முறை இந்த நகரம் எரிந்தது. கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை தனியாக 1794இலும் 1884இலும் எரிந்தது. எனவே இங்கே எது எப்போது கட்டப்பட்டது என்று கேட்பதைவிட, எந்தத் தீ எதுவரை வந்து நின்றது என்று கேட்டுக்கொண்டே நடந்தால் தெருக்கள் தாமாகவே விளங்கத் தொடங்கும். நான் பரிந்துரைக்கும் வழியின் மொத்தத் தூரம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான். காலையில் தொடங்கினால், நின்று நிதானித்து மாலைக்குள் முடித்துவிடலாம்.

நகர மன்றம் 1905இல் மார்ட்டின் நீரோப் கட்டி முடித்த சிவப்புச் செங்கல் கட்டடம். அழகானதுதான், ஆனால் நம் வழிக்கு அது வாசல் மட்டுமே. அதன் முன்னுள்ள சதுக்கத்தின் பக்கத்தில்தான் நகரத்தின் மேற்கு வாயிலும் கோட்டை மதிலும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றை இடித்து நிரவினார்கள். 1728 அக்டோபர் 20ஆம் தேதி மாலை அந்த மேற்கு வாயிலுக்கு அருகே ஒரு வீட்டில் பற்றிய தீ 23ஆம் தேதி வரை எரிந்து, நகரத்தின் கால் பங்குக்கு மேல் அழித்தது. இடைக்காலப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பாதி போயிற்று. ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவுக்குள் நுழையும் பயணிகள் எல்லோரும் அந்தத் தீ கிளம்பிய இடத்தை ஒட்டித்தான் உள்ளே போகிறார்கள்; அதைச் சொல்லும் எதுவும் கண்ணில் படும்படி அங்கே இல்லை.

ஸ்ட்ரோயெட்டைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் கிடையாது. ஐரோப்பாவின் எந்தப் பெருநகரத்திலும் காணக்கூடிய துணிக்கடைகளே இங்கும் வரிசையாக இருக்கின்றன. அதன் வரலாற்றில் சுவையான பகுதி 1962 நவம்பர் 17ஆம் தேதி தொடங்குகிறது. அன்றுதான் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவை நடப்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், வடக்குநாட்டுக் குளிரில் தெருவில் யார் உலாவப்போகிறார்கள் என்று கேட்டார்கள். சோதனையாகத் தொடங்கியது நிலைத்துவிட்டது. மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று இந்தத் தெருக்களில் எண்ணிக் குறித்துத்தான் யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் உலகமெங்கும் நகரத் திட்டமிடுவோர் எடுத்தாளும் தம் கருத்துகளை உருவாக்கினார்.

சில நிமிடங்கள் நடந்ததும் தெரு திடீரென்று இருபுறமும் விரிகிறது. இடப்புறம் கம்மல்டோர்வ், வலப்புறம் நீடோர்வ். பார்வைக்கு ஒரே சதுக்கம்போல இருந்தாலும் இவை இரண்டு சதுக்கங்கள். 1795 வரை இரண்டுக்கும் நடுவில் பழைய நகர மன்றம் நின்றது. அந்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி கடற்படையின் கிடங்குப் பகுதியில் பற்றிய தீ, 900க்கும் மேற்பட்ட வீடுகளைத் தின்றுவிட்டு, ஜூன் 7ஆம் தேதி இந்த இடத்தில் நகர மன்றத்தையும் எரித்து அடங்கியது. அதை மீண்டும் அங்கே கட்டவில்லை. ஆனால் தரையைப் பார்த்து நடந்தால், பாவிய கற்களுக்கிடையே வேறு நிறக் கற்களால் ஒரு செவ்வகக் கோடு ஓடுவது தெரியும். அதுதான் இல்லாமற்போன நகர மன்றத்தின் சுவர் வரிசை. மக்கள் அதன்மேல் சைக்கிள் உருட்டிக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் போகிறார்கள்.

கம்மல்டோர்வில் உள்ள காரித்தாஸ் நீரூற்று தீக்கு முந்தியது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் 1608இல் அமைத்தது. ஒரு தாயும் குழந்தைகளும் நிற்கும் உலோகச் சிற்பம்; தாயின் மார்பிலிருந்தும் சிறுவனிடமிருந்தும் நீர் பீறிடும்படி செய்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு அது கூச்சமாக இருந்ததால் துளைகளில் ஈயத்தை ஊற்றி அடைத்துவிட்டார்கள். அரச குடும்பத்தின் பிறந்தநாட்களில் பொன் ஆப்பிள்கள் நீர்த்தாரைமேல் துள்ளும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

எதிரே நீடோர்வின் மேற்கில் தூண்களோடு நிற்பது நகர நீதிமன்றம். தீக்குப் பிறகு சி. எஃப். ஹான்சன் வடிவமைத்து 1815இல் முடித்தது. எரிந்த அரண்மனையின் கற்களும் இதற்குப் பயன்பட்டன. ‘சட்டத்தால்தான் நாட்டைக் கட்ட வேண்டும்’ என்ற வாசகம் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது 1241ஆம் ஆண்டின் யூட்லாந்துச் சட்டத்தின் முதல் சொற்றொடர். கட்டடத்தின் பக்கத்துச் சந்தில் நுழைந்தால் தலைக்குமேல் இரண்டு வளைவுகள் நீதிமன்றத்தையும் பழைய சிறையையும் இணைக்கின்றன. சதுக்கத்தில் நிற்கும் கூட்டத்தில் இந்தச் சந்துக்குள் எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இனி அந்த மூலைகளுக்கு வருவோம். இந்தச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருச் சந்திப்பு எதிலாவது நடுவில் நின்று நான்கு புறமும் பாருங்கள். வீட்டின் இரண்டு சுவர்களும் செங்கோணத்தில் சந்திக்க வேண்டிய இடத்தில், முனையைச் சாய்வாக வெட்டியதுபோல ஒரு மூன்றாவது முகம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் குறுகிய முகத்தில்தான் கடையின் வாசல் இருக்கும். மேல்மாடிகளில் அதே முகத்துக்கென்று தனியாக ஒரு சன்னல் இருக்கும். 1795 தீயின்போது குதிரை பூட்டிய வண்டிகளில் நீண்ட ஏணிகளை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் குறுகிய சந்திப்புகளில் திரும்ப முடியாமல் தவித்தார்கள். அதன் பிறகு ராவர்ட், மெய்ன் என்ற இருவர் வகுத்த மறுகட்டுமானத் திட்டத்தில், மூலை வீடு கட்டுகிறவர் முனையை வெட்டித்தான் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. தெருப்பக்கச் சுவர் முழுவதும் செங்கல்லாகவே இருக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததே. 1728 தீக்குப் பின்னும் மரச்சட்டச் சுவர்களைத் தடுக்கப் பார்த்தார்கள். ஆனால் வீடிழந்தவர்களுக்குச் செலவு கட்டுப்படியாகாமல் அந்தத் தடையை விரைவிலேயே தளர்த்த வேண்டியதாயிற்று.

எனவே மூலையைப் பார்த்தே ஒரு தெருவின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். வெட்டிய மூலையும் அலங்காரமற்ற வழவழப்பான பூச்சுச் சுவரும் சீரான சன்னல் வரிசையும் இருந்தால், அது 1795க்குப் பிந்திய தெரு. கூம்பு முகடுடைய பெரிய மாடச் சன்னலோடு, நெருக்கியடித்து நிற்கும் குறுகிய வீடுகள் என்றால் 1728க்குப் பிந்தியவை. நீடோர்விலிருந்து தெற்கே இறங்கி கொம்பானிஸ்ட்ரேட என்ற தெருவில் நடந்தால் முதல் வகையை வீடுவீடாகப் பார்க்கலாம். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் கீழே மாக்ஸ்ட்ரேடவும் ஸ்னாரகேடவும் இருக்கின்றன. இரண்டு தீயிலும் தப்பிய மிகச் சில தெருத்துண்டுகளில் இவை சேரும். கரடுமுரடான உருளைக் கற்கள், நேர்கோட்டில் நிற்காத சுவர்கள், வளைந்து போகும் தெரு என்று, மற்ற இடங்களில் தீ என்னென்ன மாற்றியது என்பதற்கு இந்த ஐந்து நிமிடத் தூரமே சான்று. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு மட்டும் இங்கே வராதீர்கள்.

மறுபடியும் கம்மல்டோர்வுக்கு ஏறி வடக்கே திரும்பினால் வோர் ஃப்ரூ தேவாலயம், அதாவது நகரத்தின் பேராலயம் வருகிறது. நெப்போலியன் கைக்குப் போய்விடக்கூடாது என்று டென்மார்க்கின் கப்பற்படையைக் கேட்டு 1807 செப்டம்பர் 2 முதல் 5 வரை ஆங்கிலேயர் நகரத்தின்மேல் குண்டுகளையும், அப்போது புதிதாக வந்திருந்த காங்கிரீவ் ராக்கெட்டுகளையும் வீசினார்கள். அந்த ராக்கெட்டுக்கு மைசூர்ப் படைகள் ஆங்கிலேயர்மேல் ஏவியவையே முன்மாதிரி என்பதை இங்கே நின்று நினைத்துப் பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. இந்தத் தேவாலயத்தின் உயர்ந்த கூர்முனைக் கோபுரம் குறிபார்ப்பவர்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது. அது எரிந்து சரிந்தது. கப்பற்படையும் கைமாறியது. இன்று இருப்பது அதே ஹான்சன் வடிவமைத்து 1829இல் முடித்த கட்டடம். கூர்முனைக்குப் பதிலாகச் சதுரமான மொட்டைக் கோபுரத்தை வைத்தார். உள்ளே வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தோர்வால்ட்சன் செதுக்கிய கிறிஸ்துவும் இருபுறமும் பன்னிரு சீடர்களும். சிலைகள் எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் பட்டன. ஆனால் கிறிஸ்துவின் கைகள் மட்டும் கீழ்நோக்கி விரிந்திருக்கும் விதத்தில் ஒரு கனிவு இருக்கிறது.

தேவாலயத்துக்குப் பின்னால் ஸ்டோர கன்னிகஸ்ட்ரேட என்ற தெருவில் பேராசிரியர்களும் மாணவர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஐஸ்லாந்துச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஆர்னி மக்னூசன் என்ற அறிஞரின் வீடும் இந்தத் தெருவில்தான் இருந்தது. 1728இல் தீ தன் வீடுவரை வராது என்று நம்பிக் காத்திருந்தவர், கடைசி நேரத்தில் வண்டிகளில் ஏற்ற முடிந்தவற்றை ஏற்றினார். மிகச் சிறந்த சுவடிகள் பெரும்பாலும் தப்பின. அச்சு நூல்களும் பிற்காலப் படிகளும் போயின. செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் போன ஏடுகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தெருவை வேகமாகக் கடந்துபோக மனம் வராது.

தெருவின் மறுமுனையில் வட்டக் கோபுரம். ருண்டடோர்ன் என்பார்கள். நான்காம் கிறிஸ்டியான் 1637இல் தொடங்கி 1642இல் முடித்தது. வானாய்வு மேடை, பல்கலைக்கழக நூலகம், மாணவர்களுக்கான தேவாலயம் மூன்றையும் ஒரே கட்டடத்தொகுதியில் இணைக்கத் திட்டமிட்டார்கள். ஏறுவதற்குப் படிகள் கிடையாது. 209 மீட்டர் நீளமுள்ள செங்கல் பாவிய சாய்தளம் ஏழரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான் குறுகிய படிக்கட்டு வருகிறது. நூலகத்துக்குப் புத்தகங்களையும் மேலே கருவிகளையும் ஏற்றிச்செல்லச் சாய்தளம் வசதி. 1716இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் குதிரைமேலேயே உச்சிவரை போனார். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர்களில் ஆழமான சன்னல்களின் வெளிச்சம் விழுவதும், கால் சரிவுக்குப் பழகி ஒருவிதத் தாளத்தில் நடக்கத் தொடங்குவதும் இந்த ஏற்றத்தின் இன்பம். மேலே ஏறும் வழியில், அறிஞர்கள் பயன்படுத்திய பழைய கழிப்பிடம் ஒன்றும் இருக்கிறது. அதையும் பார்த்துவிடுங்கள்; மன்னர் நினைவிடங்களைவிட அது அக்கால வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லும்.

கோபுரத்தின் முகப்பில் பொன் எழுத்துகளில் ஒரு விடுகதை இருக்கிறது. சில இலத்தீன் சொற்கள், ஒரு வாள், ஒரு சிவப்பு இதயம், ஹீப்ரு மொழியில் கடவுளின் பெயர், கீழே அரசரின் பெயரும் 1642ஆம் ஆண்டும். ‘இறைவா, கல்வியையும் நீதியையும் முடிசூடிய கிறிஸ்டியான் மன்னனின் நெஞ்சுக்குள் செலுத்து’ என்று இதைப் படிக்க வேண்டும். வாள் நீதிக்கு, இதயம் நெஞ்சுக்கு. அரசர் தம் கையாலேயே எழுதிய வரைவு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வேலையாட்களிடம் விட்டுவிடாமல் இதற்கும் தாமே உட்கார்ந்து யோசித்த அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். ஆடம்பரத்தாலும் போராலும் நாட்டின் கருவூலத்தைக் காலி செய்தவர் என்பதை மறக்காமலேயே பிடிக்கும். இந்தக் கோபுரத்தின் கல் 1728 தீயில் நின்றது. உள்ளே இருந்தவை நிற்கவில்லை. நூலகத்தின் புத்தகங்கள் எரிந்தன. ஒளிக்கு வேகம் உண்டு என்பதை 1676இல் காட்டிய ஓலே ரோமரின் வானாய்வுக் குறிப்புகளும் ஏறக்குறைய முழுவதும் எரிந்துபோயின.

அங்கிருந்து தெற்கே இறங்கும் வழியில் கிரோப்ரோட்ரடோர்வ் என்ற சிறு சதுக்கத்துக்குள் ஒதுங்குங்கள். 1728க்குப் பிந்திய வீடுகள், மஞ்சளும் செம்மையுமாக, ஒரு பெரிய மரத்தைச் சுற்றி நிற்கின்றன. சாப்பிட உட்காருவதற்கு இந்த வழியில் இதைவிட நல்ல இடம் இல்லை. கம்பு மாவு ரொட்டித் துண்டின்மேல் ஊறவைத்த ஹெர்ரிங் மீனோ, வேகவைத்த உருளைக்கிழங்கோ அடுக்கித் தரும் ஸ்மோர்ப்ரோடை நான் சாப்பிட்டது இங்கேதான். முதற்கடியில் புளிப்பு சற்று மிரட்டும். இந்தச் சதுக்கம் உருவானதே ஒரு தண்டனையால். கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் என்ற பெரும் பிரபு நாட்டுத் துரோகி என்று தீர்ப்பானதும் இங்கே இருந்த அவருடைய மாளிகையை இடித்துத் தரைமட்டமாக்கி, அவமானக் கல் ஒன்றை நட்டார்கள். அந்தக் கல் இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய மனைவி லியோனோரா கிறிஸ்டினா, நான்காம் கிறிஸ்டியானின் மகள், தண்டனையில் பங்குபெற்று அரண்மனையின் நீலக் கோபுரத்தில் 1663 முதல் 1685 வரை அடைபட்டிருந்தார். அங்கே தொடங்கிய அவருடைய சிறைக்குறிப்பு டேனிஷ் உரைநடையின் பெரிய நூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அமாகர்டோர்வைக் கடக்கும்போது 6ஆம் எண் வீட்டைப் பாருங்கள். 1616இல் டச்சுப் பாணியில் எழுந்த அந்தச் செங்கல் வீடு எல்லாத் தீக்கும் தப்பியது. இன்று பீங்கான் கடை. பிறகு பாலம் கடந்தால் ஸ்லாட்ஸ்ஹோல்மன், அப்சலோன் கோட்டை எழுப்பிய தீவு. இரண்டு முறை எரிந்து 1928இல் மூன்றாம் முறையாக முடிந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைக்குள் நாடாளுமன்றமும் பிரதமர் அலுவலகமும் உச்ச நீதிமன்றமும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மேல்மாடங்களுக்குப் பதிலாக அடித்தளத்துக்கு இறங்குவதே என் விருப்பம். மூன்றாவது அரண்மனைக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த அப்சலோன் காலத்து மதிலும், பிற்காலக் கோட்டையின் நீலக் கோபுரத்து அடித்தளமும் அங்கே மங்கிய விளக்கொளியில் கிடக்கின்றன.

இந்தத் தீவில் என் மனத்துக்குப் பிடித்த இடம், அரச நூலகத்தின் முன்னுள்ள தோட்டம். பெஞ்சுகள், ஒரு குளம், தத்துவஞானி கியர்க்ககார்டின் சிலை என்று அமைதியாக இருக்கும் இந்த இடம் ஒருகாலத்தில் தண்ணீர். நான்காம் கிறிஸ்டியானின் போர்க்கப்பல்கள் ஆயுதமும் உணவும் ஏற்றிக்கொண்ட துறை இது. ஒருபுறம் நீண்டு கிடக்கும் ஆயுதக் கிடங்கு இன்று போர் அருங்காட்சியகம். தோட்டத்தைச் சுற்றிய சுவர்களில் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பெரிய இரும்பு வளையங்கள் தொங்குகின்றன. கப்பல் கட்டிய வளையங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் கனம் தெரியும். கல்லில் வளையம் உரசிய பள்ளமும் தெரியும்.

தீவின் கிழக்கு விளிம்பில் பொர்சன், பழைய வணிக மாளிகை. அதே அரசர் 1619இல் தொடங்கியது. நான்கு கடல்நாகங்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு 56 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய அதன் கூர்முனை நகரத்தின் அடையாளமாக இருந்தது. 1794இலும் 1807இலும் 1884இலும் பக்கத்தில் எல்லாம் எரிந்தபோதும் இது எரியவில்லை. நாகங்கள்தாம் தீயிடமிருந்து காக்கின்றன என்ற நம்பிக்கையும் இருந்தது. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி காலை, பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டியிருந்த நிலையில் கூரையில் தீப்பற்றியது. கூர்முனை தெருவில் சரிந்தது. வழியே போனவர்களும் ஊழியர்களும் உள்ளே ஓடி ஓவியங்களைச் சுமந்துவந்து காப்பாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து வெளிச்சுவரின் ஒரு பகுதியும் விழுந்தது. மறுபடியும் கட்டுகிறார்கள். மற்றத் தீக்களையெல்லாம் கல்லில் ஊகித்துக்கொண்டு வருகிற நடையில், இது ஒன்றுதான் நம் கண்முன்னால் நடந்தது.

இங்கே தமிழ் வாசகர்கள் சற்றுக் கூடுதலாக நிற்கலாம். இந்தக் கட்டடத்தை எழுப்பிய அரசர்தான் 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தவர். ஓவ கெத்த தலைமையில் 1618இல் புறப்பட்ட கப்பல்கள் முதலில் இலங்கையை நோக்கிப் போய், அங்கே காரியம் கைகூடாமல், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. தரங்கம்பாடியும் டேன்ஸ்போர்க் கோட்டையும் அப்படி வந்தவை. நாயக்கர் பொன் தகட்டில் தமிழில் எழுதுவித்து நான்காம் கிறிஸ்டியானுக்கு அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சீகன்பால்குவும் 1705இல் இதே நகரத்தில் குருப்பட்டம் பெற்றுத்தான் தரங்கம்பாடிக்குக் கப்பலேறினார். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

பொர்சனை அடுத்த க்னிப்பல்ஸ்ப்ரோ பாலத்தைக் கடந்தால் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன். நான்காம் கிறிஸ்டியான் டச்சுப் பொறியாளரை வைத்து வாய்க்கால்களோடு உருவாக்கிய வணிகர் குடியிருப்பு. பெருந்தீ இரண்டும் இந்தக் கரைக்கு வரவில்லை. எனவே ஸ்ட்ராண்ட்கேட் தெருவில் பதினேழாம் நூற்றாண்டு வீடுகள் அப்படியே இருக்கின்றன. அதே தெருவில் ஆசியாடிஸ்க் பிளாட்ஸ் என்ற இடத்தில், 1732இல் உருவான ஆசியக் கம்பெனியின் தலைமை அலுவலகமும் 1750இல் முடிந்த பெரிய கிடங்கும் நிற்கின்றன. இப்போது வெளியுறவு அமைச்சகத்தின் வசம். கம்பெனிக்கு லாபம் கொட்டியது பெரும்பாலும் சீனத்துத் தேயிலையில். சோழமண்டலத் துணிகளும் இங்கே வந்து இறங்கின. கிடங்கின் முகப்பில் ஒரு அலங்காரமும் இல்லை. சன்னல்கள் சிறியவை, சுவர்கள் தடித்தவை. சரக்கைக் காப்பதைத் தவிர வேறொன்றையும் யோசிக்காத கட்டடம் அது.

பக்கத்தில் வோர் ஃப்ரெல்சர்ஸ் தேவாலயத்தின் கூர்முனை முறுக்கிய கொம்புபோல வானத்தில் ஏறுகிறது. 1752இல் தூரா என்ற கட்டடக் கலைஞர் சேர்த்தது. மொத்தம் 400 படிகள். கடைசி 150 படிகள் கோபுரத்துக்கு வெளியே, காற்றில். மேலே போகப்போகப் படி குறுகி, கடைசிப் படியில் ஒருவர் நிற்கத்தான் இடம். முறுக்கு தவறான திசையில் போனதைக் கண்டு மனமுடைந்த கட்டடக் கலைஞர் உச்சியிலிருந்து குதித்தார் என்று ஒரு கதை உண்டு. பொய், அவர் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்து 1759இல்தான் இறந்தார். காற்று பலமாக வீசும் நாளில் மேலே விடமாட்டார்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளே இருக்கும் பெரிய ஆர்கன் இசைப்பெட்டகத்தைப் பார்க்கலாம். அதை இரண்டு யானைகள் தாங்குகின்றன. டென்மார்க்கின் உயரிய அரச விருதின் சின்னம் யானை என்பதால் இந்நகரத்தில் யானையை எதிர்பாராத இடங்களிலெல்லாம் பார்க்கலாம்.

துறைமுகத்தின் குறுக்கே 2016இல் திறந்த, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்குமான பாலம் நேரே நீஹாவ்னில் கொண்டுவிடும். பாலத்தில் சைக்கிள் தடத்தில் கால் வைக்காதீர்கள்; மணியடித்துவிட்டு நிற்காமல் வருவார்கள். நீஹாவ்னின் வண்ண வீடுகளை அஞ்சலட்டையில் பார்த்ததே போதும் என்று நினைக்கிறேன். ஆண்டர்சன் 20, 67, 18 என்ற எண்களில் வெவ்வேறு காலங்களில் குடியிருந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு நடையைத் தொடரலாம்.

அடுத்து அமாலியன்போர்க். எண்கோண முற்றத்தைச் சுற்றி நான்கு மாளிகைகள். நான்கு பிரபுக்களுக்காகக் கட்டியவை. 1794இல் அரண்மனை எரிந்ததும் அரச குடும்பம் இவற்றை வாங்கிக் குடிவந்தது. ஒரு தீதான் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. முற்றத்தின் நடுவில் ஐந்தாம் ஃபிரடரிக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். சாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி பல ஆண்டுகள் உழைத்தார். சிலையைத் திறந்தது 1771இல், மன்னர் இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு. செலவு முழுவதும் ஆசியக் கம்பெனியுடையது. அது கிடங்கின் அளவான சிக்கனத்துக்கு நேரெதிராக, நான்கு மாளிகைகளின் செலவுக்கே ஈடானது என்பார்கள். தேயிலையிலும் துணியிலும் ஈட்டிய பணத்தில் ஒரு கம்பெனி தன் அரசருக்குச் செலுத்திய மரியாதை இவ்வளவு. ஆறே ஆண்டுகளில், 1777இல், தரங்கம்பாடியின் ஆட்சியை அரசு கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சிலையின் பின்னால் நின்று மேற்கே பார்த்தால் பளிங்குத் தேவாலயத்தின் குவிமாடம் தெருவின் முனையில் சரியாக நடுவில் நிற்கும். 1749இல் கல் நாட்டி, 1770இல் பணம் போதாமல் வேலையை நிறுத்தி, நூறாண்டுக்கு மேல் பாழடைந்து கிடந்ததை டீட்கன் என்ற தொழிலதிபர் தம் செலவில் முடித்து 1894இல் திறந்தார். மெட்ரோ நிலையம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்கன்னி சிலையையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் இன்னும் கால்மணி நேரத்துக்கு மேல் வடக்கே நடக்க வேண்டும். எனக்கு அந்த நேரம் கையில் இருந்தால் தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பிப்போய் உல்ஃபெல்ட்டின் அவமானக் கல்லைப் பார்ப்பேன்.